கேள்வியும் கைத்திறனும்

மக்கள் உடம்பில் தோன்றும் நோய்களுள் கண்ணாற் காணத் தக்கன சில. காண இயலாதன பல. புண்ணைக் காணலாம், வீக்கத்தைக் காணலாம், காய்ச்சலைக் கருவி கொண்டு அளக்கலாம். ஆயின், முதுகிலும் கழுத்திலும் தோளிலும் தோன்றும் நோவை எக்கருவி கொண்டு அளப்பது? நோவுற்றவன் வாய் திறந்து சொன்னாலன்றிப் பிறர் அதனை அறியார். சொல்லிய பின்னும், அந்நோவு மூட்டிற் பிறந்ததோ, தசையிற் பிறந்ததோ, நரம்பிற் பிறந்ததோ என்பது எளிதில் விளங்குவதில்லை. இத்தகைய நோவுகளை ஆராய்ந்து, கத்தியும் மருந்தும் இன்றிக் கையாலும் பயிற்சியாலும் தணிக்க முயலும் துறையே இயன்முறை மருத்துவம். இதனைப் பிசியோதெரபி என்றும் வழங்குவர்.

கையாற் செய்யும் தொழிலை ஆசான் செய்து காட்ட, மாணாக்கன் பார்த்துப் பழகுவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. இவ்வழக்கத்தில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. ஆசான் கை தேர்ந்ததாயின் மாணாக்கனும் தேர்வான். ஆனால், ஆசான் கொண்ட பிழையும் அவனுடனே வளரும். எழுதப்படாத கலையை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. ஒப்பிடாத கலை திருந்துவதும் இல்லை. மூட்டுகளையும் முதுகெலும்பையும் கையால் இயக்கி நோவு தீர்க்கும் கலையை எழுதி வைக்கத் தக்கதாகவும், சோதிக்கத் தக்கதாகவும், கல்லூரியிற் கற்பிக்கத் தக்கதாகவும் ஆக்கியவருள் முதன்மையான ஒருவர் ஜெப்ரி மெய்ட்லண்ட் என்னும் ஆஸ்திரேலிய நாட்டு அறிஞர்.

இளமையும் கல்வியும்

ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில், கடலுக்கு அணித்தாக அடிலெய்டு என்னும் நகர் உள்ளது. அது தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் தலைநகர். அந்நகரில் 1924-ஆம் ஆண்டில் மெய்ட்லண்ட் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அவர் ஆஸ்திரேலிய வான்படையிற் சேர்ந்து, பிரிட்டனிற் பணிபுரிந்தார். போர் முடிந்து தாய்நாடு மீண்டதும், 1946 முதல் 1949 வரை இயன்முறை மருத்துவம் பயின்றார். பின்னர் அரச அடிலெய்டு மருத்துவமனையிலும், அந்நகரின் குழந்தைகள் மருத்துவமனையிலும் பணியாற்றினார். எலும்பு, மூட்டு, நரம்பு ஆகியவற்றைப் பற்றிய நோய்களில் அவர் உள்ளம் பெரிதும் ஈடுபட்டது.

சிறிது காலத்திற்குப் பின் அவர் தம் பொழுதை இரு கூறாக்கினார். ஒரு கூற்றில், தாமே நடத்திய மருத்துவ நிலையத்தில் நோயாளிகளைக் கண்டார். மற்றொரு கூற்றில், இயன்முறை மருத்துவ மாணவர்க்குப் பாடம் சொன்னார். இவ்விரு பணிகளும் அவர் வாழ்வில் ஒன்றையொன்று வளர்த்தன. காலையில் நோயாளியிடம் கண்ட ஐயம் மாலையில் வகுப்பிற்குப் பாடமாயிற்று. வகுப்பில் மாணவன் எழுப்பிய வினா மறுநாள் நோயாளியைப் பார்க்கும் முறையைத் திருத்திற்று.

இவ்விரண்டுடன் மூன்றாவதாக ஒரு பழக்கமும் அவரிடம் இருந்தது. வாரந்தோறும் அரைநாளைப் படிப்பிற்கென்றே ஒதுக்கி, அடிலெய்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார் ஸ்மித் நூலகத்திலும், மருத்துவக் கல்லூரி நூலகத்திலும் அமர்ந்து நூல்களை ஆராய்வார். ஊதியம் தராத அந்த அரைநாளே அவருடைய பிற்கால ஆராய்ச்சி அனைத்திற்கும் விதையாயிற்று எனலாம்.

அக்காலத்து நிலை

அவர் நூலகத்திற் கண்டது ஒரு பெரும் பூசலாகும். அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பார் 1874-இல் ஆஸ்டியோபதி என்னும் முறையைத் தொடங்கினார். 1895-இல் டேனியல் டேவிட் பாமர் என்பார் கைரோபிராக்டிக் என்னும் மற்றொரு முறையை வகுத்தார். முள்ளெலும்புகள் இடம் பிறழ்வதே நோய்க்குக் காரணம் என்று பாமர் வழியினர் கூறினர். 1934-இல் மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் இருவர், முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால்நோவு உண்டாகும் என்பதை வெளியிட்டனர். இலண்டன் மாநகரில், செயின்ட் தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜேம்ஸ் சிரியாக்ஸ் என்னும் மருத்துவர், மூட்டு நோவுகளை முறைப்பட ஆராயும் வழியை நூலாக எழுதினார். இவர்களேயன்றி, எலும்பு கட்டுவோர் பலரும் தத்தம் குடிவழி வந்த முறைகளைக் கையாண்டனர்.

ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையே மெய் என்று சாதித்தனர். ஒரு கூட்டத்தார் நூலை மற்றொரு கூட்டத்தார் கையாலும் தொடார். மெய்ட்லண்டோ அனைவர் நூல்களையும் படித்தார். வெளிநாட்டு அறிஞர் பலருக்கு மடல் எழுதி, ஐயங்களைக் கேட்டறிந்தார். அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. கொள்கைகள் ஒன்றோடொன்று முரண்படவும், எல்லாரிடத்தும் சில நோயாளிகள் குணமடைகின்றனரே, அஃது எங்ஙனம்? குணம் தருவது கொள்கையாயின், பிழையான கொள்கையுடையார் எவரும் நோவைத் தணித்திருக்க இயலாது. ஆகவே, கொள்கையைச் சிறிது ஒதுக்கி வைத்து, நோயாளியிடம் நிகழும் மாற்றத்தையே முதலிற் காண வேண்டும் என்று அவர் துணிந்தார். இத்துணிவே அவர்தம் முறைக்கு அடிப்படை.

கேட்டறியும் முறை

கேள்வி என்னும் தமிழ்ச்சொல் வினாவுதலையும் குறிக்கும். செவியாற் கேட்டறிதலையும் குறிக்கும். மெய்ட்லண்டின் முறையில் இவ்விரண்டும் இணைந்தே நின்றன. நோயாளி வந்தவுடன் அவர் கை வைப்பதில்லை. முதலில் அவன் துன்பம் யாது என்பதை அவன் சொற்களாலேயே சொல்லவிடுவார். நோவு எவ்விடத்தில் உள்ளது? அஃது இடைவிடாது உள்ளதா, விட்டுவிட்டு வருவதா? காலையில் மிகுமா, மாலையில் மிகுமா? எச்செயலால் மிகுகின்றது? எந்நிலையில் தணிகின்றது? மிகுந்த நோவு அடங்க எவ்வளவு பொழுது செல்கின்றது? இவ்வினாக்கள் ஒவ்வொன்றிற்கும் பயன் உண்டு.

இறுதியாகக் கூறிய வினாவை மட்டும் நோக்குவோம். இருவர்க்கு முதுகு நோகின்றது. ஒருவன் நாள் முழுதும் மண்வெட்டியால் கொத்தினால் நோவு வருகின்றது, படுத்தவுடன் நீங்குகின்றது. மற்றொருவன் ஒருமுறை குனிந்து செருப்பை மாட்டினால் நோவு வருகின்றது. இரவு முழுதும் நீங்குவதில்லை. இருவர் நோவும் ஒரே இடத்தில் இருப்பினும், இருவரையும் ஒரே வகையில் தொடுதல் தகாது. முன்னவனை நன்கு அழுத்தியும் அசைத்தும் சோதிக்கலாம். பின்னவன் நோவு எளிதிற் சினந்தெழும் தன்மையது. அவனை மிக மெல்லத் தொட்டுச் சிறிதளவே சோதிக்க வேண்டும். இவ்வேறுபாட்டை எக்ஸ்ரே படம் காட்டாது. நோயாளியின் சொல்லே காட்டும். நோயாளியின் சொல்லை நம்புதலே மருத்துவன் கடமை என்று மெய்ட்லண்ட் வற்புறுத்தியதன் காரணம் இதுவே.

கையின் அளவை

கேட்டறிந்த பின் கை தன் தொழிலைத் தொடங்கும். நோயாளி குப்புறப் படுத்திருக்க, முதுகின் நடுவே வரிசையாகப் புடைத்து நிற்கும் முள்ளெலும்பு முனைகளின்மேல் இரு பெருவிரல்களையும் வைத்து, ஒவ்வொன்றாக மெல்ல அழுத்திப் பார்ப்பர். எங்கு அழுத்தினால் நோயாளி கூறிய அதே நோவு எழுகின்றதோ, எங்கு அசைவு விறைத்துள்ளதோ, அவ்விடம் குறிக்கப்படும்.

பின்பு அம்மூட்டை ஊசல் ஆடுவதுபோல் முன்னும் பின்னும் சீராக அசைப்பர். இவ்வசைவை எவ்வளவு செய்வது என்பதில்தான் முன்னையோர் தெளிவின்றி இருந்தனர். "சிறிது அழுத்துக" என்று ஆசான் கூறின், அச்சிறிது எவ்வளவு என்று மாணாக்கன் எங்ஙனம் அறிவான்? மெய்ட்லண்ட் அதனை நான்கு படிகளாக வகுத்தார். மூட்டு அசையத் தொடங்கும் இடத்தில் செய்யும் சிறிய அசைவு முதற்படி. எல்லையைத் தொடாமல், இடைவெளியில் செய்யும் பெரிய அசைவு இரண்டாம் படி. எல்லை வரை செல்லும் பெரிய அசைவு மூன்றாம் படி. எல்லையிலேயே நின்று செய்யும் சிறிய அசைவு நான்காம் படி. நோவு மிக்க இடத்தில் முதலிரு படிகளும், விறைப்பு மிக்க இடத்தில் பின்னிரு படிகளும் பயன்படும். இவற்றின் வேறாக, எல்லையில் திடீரெனச் சிறு தள்ளு கொடுக்கும் முறையும் உண்டு. அதனை அவர் அருகியே கையாளச் சொன்னார். அது நோயாளியால் தடுக்க இயலாத விரைவினது. முன்னைய நான்கையோ நோயாளி எந்நொடியிலும் நிறுத்தச் சொல்லலாம்.

இசை கற்பிப்போர்க்குச் சுரக் குறிப்பு எத்தகையதோ, அத்தகையது இப்படிமுறை. அடிலெய்டில் ஒருவர் "மூன்றாம் படி" என்று எழுதிய குறிப்பை, இலண்டனில் உள்ள மற்றொருவர் படித்து, செய்தது இன்னதென அறியலாயிற்று.

மீண்டும் சோதித்தல்

மெய்ட்லண்டின் முறைக்கு உயிர்நிலை யாதெனின், செய்தபின் மீண்டும் சோதித்தலாகும். எடுத்துக்காட்டாக, ஒருவன் நின்று குனிகின்றான். விரல்நுனி முழங்காலைத் தொடும்போதே முதுகில் நோவு எழுகின்றது. மருத்துவர் இதனைக் குறித்துக்கொண்டு, அவனைப் படுக்க வைத்து, ஒரு மூட்டைச் சிறிது நேரம் அசைக்கின்றார். உடனே எழுந்து மீண்டும் குனியச் சொல்கின்றார். விரல்நுனி முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இறங்கினால், செய்தது பயன் தந்தது. இறங்காவிடின், வேறு மூட்டையோ வேறு படியையோ நாட வேண்டும். நோவு மிகுந்தால், செய்தது தீங்காயிற்று. அதனை உடனே நிறுத்த வேண்டும். மறுநாள் நோயாளி வரும்போதும் இச்சோதனையே முதலில் நிகழும்.

இங்ஙனம் ஒவ்வொரு செயலும் ஒரு சிறு ஆராய்ச்சியாகின்றது. செய்தவன் "யான் செய்தது நன்று" என்று தன்னையே புகழ்ந்துகொள்ள இங்கு இடமில்லை. நோயாளியின் உடம்பே தீர்ப்பு வழங்கும். இத்தீர்ப்புக்கு உதவும் முதன்மையான குறிகளுக்கு அருகில் உடுக்குறி இட்டு எழுதுமாறு அவர் மாணவர்க்குக் கற்பித்தார். எழுதுகோல் எடுத்து எழுதும்போதுதான் தான் செய்வது இன்னதென்று ஒருவன் ஆராயத் தலைப்படுகின்றான் என்பது அவர் கருத்து. ஆதலின், மருத்துவக் குறிப்பு எழுதும் பழக்கத்தை மாணவர் பயிற்சியின் தொடக்கத்திலேயே கைக்கொள்ளச் செய்தார்.

இடையே ஒரு சுவர்

நூலறிவையும் நோயாளியிடம் காணும் செய்திகளையும் மெய்ட்லண்ட் ஒரு செங்கற்சுவரின் இரு பக்கங்களாக உருவகித்தார். ஒரு பக்கத்தில் உடற்கூற்று நூல், நோயின் பெயர், அறிஞர் கொள்கை ஆகியன உள்ளன. மறுபக்கத்தில் நோயாளியின் வரலாறும், அவன் உடம்பு காட்டும் குறிகளும் உள்ளன. அச்சுவர் முற்றிலும் அடைபட்டதன்று; அதன் துளைகள் வழியே இரு பக்கத்துச் செய்திகளும் கலந்து செல்லும். ஆயினும், நூலிற் கண்டதை நோயாளிமேல் ஏற்றிச் சொல்லாதபடி அச்சுவர் காக்கும். ஒரே நோய்ப்பெயர் பெற்ற இருவர்க்குத் துன்பம் வேறுபடலாம். நோய்ப்பெயர் இன்னதென உறுதிப்படாத ஒருவர்க்கும் துன்பம் தணிக்க வழி காணலாம். நூலும் நோயாளியும் முரண்படின், நோயாளியிடம் காண்பதற்கே முதலிடம் தர வேண்டும் என்பது இவ்வுருவகத்தின் கருத்து.

ஆசிரியப் பணி

1954-ஆம் ஆண்டு முதல் அவர் கைம்முறை மருத்துவத்தைத் தனிப் பாடமாகக் கற்பிக்கலானார். 1961-இல் ஓர் அறநிதியின் உதவி பெற்று, தம் மனைவியார் ஆன் மெய்ட்லண்டுடன் வெளிநாடுகளுக்குச் சென்று, பல நெறியினரையும் கண்டு உரையாடினார்; இலண்டனில் சிரியாக்ஸுடனும் அளவளாவினார். மறு ஆண்டு, முதுகெலும்புக் கைம்முறையைக் கற்பிப்பதில் உள்ள இடர்ப்பாடுகளைப் பற்றி ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர் அவையில் ஒரு கட்டுரை படித்தார். வலிந்து தள்ளுதலும், மென்மையாக அசைத்தலும் வேறு வேறு என்பதை அதில் விளக்கினார்.

1964-இல் முதுகெலும்புக் கைம்முறை பற்றிய அவரது நூல் வெளிவந்தது. கைகால் மூட்டுகளைப் பற்றிய நூல் 1970-இல் தொடர்ந்தது. அந்நூல்களுக்கு வேண்டிய ஓவியங்களை ஆன் மெய்ட்லண்டே வரைந்தார். கையை எங்கு வைப்பது, எத்திசையில் அழுத்துவது என்பதைச் சொல்லால் விளக்குவதினும் கோட்டால் விளக்குவது எளிதன்றோ? அவ்வகையில் அவ்வம்மையாரும் இக்கல்விக்கு ஆசிரியரானார்.

1965-இல் தென் ஆஸ்திரேலியத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில், பட்டறிவு பெற்ற இயன்முறை மருத்துவர்க்கென மூன்று திங்கள் வகுப்பு ஒன்று முதன்முதலாக நடைபெற்றது. அது 1974-இல் ஓராண்டுப் பட்டயப் படிப்பாக வளர்ந்தது. பின்னர் அந்நிறுவனம் பல்கலைக்கழகமானபோது, அப்படிப்பும் முதுநிலைப் பட்டப் படிப்பாயிற்று. குடிவழிக் கலையாக இருந்த ஒன்று, ஒரு தலைமுறைக்குள் பல்கலைக்கழகக் கல்வியாக உயர்ந்தது.

கூனி அமர்ந்து அறிதல்

மெய்ட்லண்டின் ஆராய்ச்சித் திறனுக்குச் சான்றாக ஒரு சோதனையைக் கூறலாம். தொடையின் பின்புறத்தில் நோவு கொண்ட ஒருவன் வருகின்றான். நோவு தொடைத் தசையிற் பிறந்ததா? முதுகுத்தண்டினின்று வரும் நரம்பிற் பிறந்ததா? தசையும் நரம்பும் ஒரே இடத்தில் உள்ளன. காலை நீட்டினால் இரண்டும் இழுபடும். எங்ஙனம் பிரித்தறிவது?

அவனைப் படுக்கையின் விளிம்பில் அமர்த்தி, முதுகைக் கூனச் செய்வர். பின்பு மோவாய் மார்பைத் தொடுமாறு தலையைக் குனியச் செய்து, முழங்காலை நீட்டிப் பாதத்தை மேல்நோக்கி மடக்கச் செய்வர். தொடையில் நோவு எழும். இந்நிலையில் வேறெதனையும் அசைக்காமல், தலையை மட்டும் நிமிரச் சொல்வர். அதனால் நோவு குறைந்தால், காரணம் தசையாக இருத்தல் அரிது. ஏனெனின், தொடைத் தசைக்கும் கழுத்திற்கும் தொடர்பில்லை. மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியே கால் வரை தொடர்ந்து செல்வன நரம்பும் அதன் உறையுமே. தலை நிமிர்ந்தவுடன் அவற்றின் இழுப்பு தளர்கின்றது. கருவி ஒன்றும் இல்லாமல், தலையை அசைத்துத் தொடையின் மறைவை அறியும் இச்சோதனையைப் பற்றி அவர் 1985-இல் ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவ இதழில் விரிவாக எழுதினார். நலமுடையார்க்கும் இந்நிலையில் ஓரளவு இழுப்பு தோன்றுமாதலின், நோயாளி கூறிய அதே நோவு எழுகின்றதா என்று கேட்டறிதல் இன்றியமையாதது. இங்கும் கேள்வியே துணையாக நிற்கின்றது.

ஆசானையும் அளந்த ஆராய்ச்சி

பிறர் கொள்கையைச் சோதித்தவர் முறை தானும் சோதனைக்கு உள்ளாயிற்று. கை வைத்து மூட்டின் விறைப்பை அறிவதாக மருத்துவர் கூறுகின்றனரே; ஒருவர் கண்ட விறைப்பையே மற்றவரும் காண்கின்றனரா? 1985-இல் மேட்யாஸ், பாக் என்னும் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இதனை ஆராய்ந்தபோது, மருத்துவர் கணிப்புகள் ஒன்றோடொன்று நன்கு பொருந்தவில்லை. 1994-இல் மாகர், ஆடம்ஸ் என்பாரும் நோயாளிகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். விறைப்பைப் பற்றிய கணிப்பில் இரு மருத்துவர்க்குள் ஒற்றுமை குறைவாகவே இருந்தது. நோவு எங்கு எழுகின்றது என்பதில் ஒற்றுமை மிகுதியாக இருந்தது.

கை தானே உணர்ந்ததாகக் கருதியது பெரிதும் மாறுபட்டது. நோயாளி வாய் திறந்து சொன்னதோ நிலைபெற்றது. இம்முடிவு கைத்திறனில் செருக்குற்றோர்க்கு அடியாக அமைந்தது. அதே வேளையில், நோயாளியின் சொல்லுக்கே முதலிடம் தந்த கொள்கைக்கு அரணாகவும் அமைந்தது. இடம் பிறழ்ந்த எலும்பைக் கை திரும்ப அமர்த்துகின்றது என்ற பழங்கருத்தை இக்கால ஆராய்ச்சி ஏற்பதில்லை. முதுகு நோவுக்குக் கைம்முறை மட்டும் போதாது. உடற்பயிற்சியும், அஞ்சாது நடமாடுதலும் வேண்டும் என்பதும் இன்று தெளிவாகியுள்ளது. கொள்கையின்மேல் கட்டிய மாளிகைகள் இவ்வாராய்ச்சிகளால் ஆட்டம் கண்டன. கேட்டல், குறித்தல், மீண்டும் சோதித்தல் என்னும் மூன்று தூண்கள்மேல் நின்ற மெய்ட்லண்டின் முறையோ, பிழைபட்டதை நீக்கிக்கொண்டு தொடர்ந்து வாழ்கின்றது. இவ்வாராய்ச்சிகளைச் செய்தோர் அவர் வளர்த்த துறையிலேயே தோன்றியவர் என்பதும் எண்ணத் தக்கது.

புகழும் பயனும்

1974-இல் கனடா நாட்டு மான்ட்ரியால் நகரில், கைம்முறை இயன்முறை மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. அதனை நிறுவியவருள் மெய்ட்லண்டும் ஒருவர். அதுகாறும் ஆஸ்திரேலியாவில், மருத்துவர் எழுதிக் கொடுத்தாலன்றி இயன்முறை மருத்துவர் நோயாளியைப் பார்த்தல் கூடாது என்பது தொழில் நெறியாக இருந்தது. 1976-இல் ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர் சங்கம் அந்நெறியை நீக்கியது. தாமே ஆராய்ந்து, தமக்கு அடங்கிய நோய் இது, அடங்காத நோய் இது என்று பிரித்தறியும் ஆற்றல் பெற்றவர்க்கன்றோ இவ்வுரிமை தகும்? அவ்வாற்றலை மாணவர்க்கு ஊட்டியதில் மெய்ட்லண்ட் போன்ற ஆசிரியர்க்குப் பெரும் பங்கு உண்டு.

1981-இல் அவருக்கு எம்.பி.இ. என்னும் சிறப்பு விருது அளிக்கப்பட்டது. 1992-இல் சுவிட்சர்லாந்தில் அவர் முறையைக் கற்பிக்கும் பன்னாட்டு ஆசிரியர் சங்கம் தோன்றியபோது, அவரே அதன் முதல் தலைவரானார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நோயாளிகளுக்கு மருத்துவம் செய்த அவர், 2010-ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார்.

ஆசிரியர் இருவகையினர். தாம் சொல்வதே முடிவென்று மாணவரை நம்பச் செய்வோர் ஒரு வகையினர். தாம் சொல்வதையும் சோதித்துப் பார்க்கும் வழியை மாணவர் கையில் கொடுத்துச் செல்வோர் மற்றொரு வகையினர். முன்னவர் புகழ் அவர் காலத்தோடு முடியும். பின்னவர் பெற்ற அறிவோ, மாணவர் கையில் மேலும் திருந்தி வளரும். துன்புற்றார் சொல்லைப் பொறுமையுடன் கேட்டு, கண்டதை உண்மையுடன் எழுதி, செய்ததை மீண்டும் சோதித்த மெய்ட்லண்டின் வாழ்வு, மருத்துவம் பயில்வோர்க்கு மட்டுமன்றி, எத்துறையில் கற்பார்க்கும் நல்வழி காட்டுவதாகும்.

பயிற்சி

1. எழுதப்படாத கலைக்கு உள்ள குறைகள் யாவை?
2. மெய்ட்லண்ட் தம் பொழுதை எவ்வாறு பகுத்துக்கொண்டார்? அதனால் விளைந்த நன்மைகளைக் கூறுக.
3. அசைவின் நான்கு படிகளை விளக்குக. இப்படிமுறையால் மாணவர்க்கு உண்டான பயன் யாது?
4. கூனி அமரச் செய்யும் சோதனையில், தலையை மட்டும் நிமிரச் சொல்வது எதற்காக?
5. 1985, 1994-ஆம் ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகள் மெய்ட்லண்டின் முறையில் எதனை மறுத்தன? எதனை நிலைநாட்டின?